கப்பல்காரரின் ஒரு நிமிஷம்

அவரிடம் யாரும் "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் உடனே இடது கையைத் திருப்பி வாட்சைப் பார்ப்பார். வாட்சை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுகிறவர் அவர். பால்காரராகட்டும், ரேஷன் கடையில் எடை போடுகிறவராகட்டும், அந்த ஆள் போய்விட்டுத் திரும்பி வந்ததும் "நாலு நிமிஷம் ஆச்சுப்பா" என்பார். கோபமெல்லாம் இருக்காது. காய்ச்சல் பார்த்துச் சொல்கிற மாதிரி சொல்வார்.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானண்ணே," என்று பால்காரர் தலையைச் சொறிவார்.

"பேச்சுக்குச் சொல்ல வேற எதுவும் கெடைக்கலையா? ஒரு நிமிஷம்னா எம்புட்டுப் பெரிசு தெரியுமா?"

எங்கள் தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்றுதான் பெயர். கே.கே. நகரில் அப்போது வீடுகள் விட்டுவிட்டுத்தான் இருக்கும். இரண்டு வீட்டுக்கு நடுவே நாலைந்து மனை கருவேலமுள்ளாகக் கிடக்கும். அவர் வீட்டின் கீழ்ப் பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். மாடியில் அவர் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையலும் அவரே. அவர் பருப்பு வேகவைப்பது கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும், அடுப்புப் பக்கத்தில் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அந்நிய ஆண்களிடம் பேச வராது. தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்ல வேண்டுமென்றால்கூட, என் வீட்டுக்காரர் டெப்போவிலிருந்து வரட்டும் என்று காலிக் குடத்தோடு காத்திருப்பேன். அவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். அவர்தான் ஒரு நாள் கப்பல்காரரிடம் கேட்டார்.

"அம்புட்டு நல்ல கப்பல் வேலைய விட்டுட்டு ஏண்ணே வந்துட்டீங்க?"

"கப்பலுக்கு அடியில எண்ணெய்த் தொட்டி இருக்கும் தம்பி. ஒரு நாளு ஒருத்தன் எறங்கினான். அவன் வரலேன்னு இன்னொருத்தன் எறங்கினான். ரெண்டு பேருமே வரல."

"வழுக்கி விழுந்துட்டாங்களா?"

"இல்ல. உள்ள காத்து சரியில்ல."

அவ்வளவுதான் சொன்னார். பருப்பு வெந்திருக்கும் என்று எழுந்து மேலே போய்விட்டார்.

அவரிடம் ஒரு ஆட்டம் இருந்தது, ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் படித்துக்கொண்டு வந்தது. ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள். ஒரு துணிப்பையில் பகடைகள். நம்முடைய தாயக்கட்டை மாதிரி இல்லை, அரைநெல்லிக்காய் அளவில் உடம்பெல்லாம் முகமாக இருக்கும். ஒன்றில் இருபது எண்கள்வரை உண்டு. கட்டம் கிடையாது, காய் கிடையாது. எல்லாம் வாயால்தான். ஆனைமலைக்கு அடியில் ஒரு குகை இருக்கிறது, அதில் நீங்கள் நாலு பேரும் போகிறீர்கள், இருட்டாக இருக்கிறது, தண்ணீர் சொட்டுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதற்குப் பகடை. அவர் ஆட்டத்தில் இல்லை. நடத்துகிறவர் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடியில் பாய் விரிப்பார். என் வீட்டுக்காரர் போவார். ஒத்தக்கடையிலிருந்து என் கொழுந்தன் பாண்டி பஸ் ஏறி வந்துவிடுவான். அங்கே எங்கள் குடும்பத்து நிலத்தை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுச் சாயக்கடைக்காரர் மூன்றாவது ஆள். அவர் சௌராஷ்டிரக்காரர். நகக்கண்ணில் எப்போதும் நீலச் சாயம் இருக்கும், பகடையை உருட்டும்போது மட்டும் அவர்கள் பாஷையில் ஏதோ முணுமுணுப்பார். காபி கொண்டுபோன என்னையும் ஒரு நாள் கப்பல்காரர் உட்காரச் சொல்லிவிட்டார். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். "சும்மா உக்காரு" என்றார். எனக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிற வேலை கொடுத்தார்கள்.

குகையில் நடக்கும்போது நேரம் பெரிய பெரிய துண்டாகப் போகும். "பத்து நிமிஷம் நடந்துட்டீங்க. இன்னும் ஒரு பத்து நிமிஷம்" என்பார். அரக்கன் எதிரே வந்துவிட்டால் அப்படியே மாறிவிடும். அதன்பிறகு ஒவ்வொரு நிமிஷமாகத்தான். அதற்கு ரவுண்டு என்று பெயர். ஒரு ரவுண்டு ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தை ஆடி முடிக்க எங்களுக்கு அரை மணியாகிவிடும்.

"சண்டை வந்தா நேரம் ஏண்ணே இம்புட்டுச் சின்னதாப் போகுது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்பத்தான் தம்பி அது தேவைப்படுது."

பாண்டிக்கு இதெல்லாம் பொறுக்காது. "ஒரு நிமிசத்துக்கு ஒரே ஒரு வெட்டா? கரும்பா இருந்தா ஒரு நிமிசத்துல நான் ஒரு கட்டே வெட்டிப் போட்ருவேன்."

"வெட்டு நெறையத்தான் வெட்டுற. அவனும் தடுப்பான், விலகுவான், நீயும் மூச்சு வாங்குவ. பகடை சொல்றது, அதுல எது பட்டுச்சுங்கிறத மட்டும்தான்."

"அப்ப பாதி நிமிசத்துலயே அவன் செத்துட்டா? மிச்ச அர நிமிசம் என்ன செய்ய?"

"மாப்ள, அதுல ஒரு பீடியப் பத்த வச்சுக்க," என்றார் சாயக்கடைக்காரர்.

கப்பல்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார். ரவுண்டு தொடங்கினால் முதலில் எல்லாரும் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பகடை. ஏனென்றால் ஒருவர் முடித்தபின் ஒருவர் செய்வதில்லை, எல்லாம் அந்த ஒரே நிமிஷத்துக்குள் சேர்ந்து நடக்கிறது. இது எங்கள் யாருக்கும் லேசில் பிடிபடவில்லை. அவன் வெட்டட்டும், என்ன ஆகிறதென்று பார்த்துவிட்டு நான் சொல்கிறேன் என்பார் என் வீட்டுக்காரர். "அவன் வெட்டுறப்ப நீ எங்க இருக்க? ஒனக்கும் அதே நிமிஷம்தானே ஓடுது?" என்பார் கப்பல்காரர். பாண்டி நேர்மாறு. மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் "நான் எறங்கிட்டேன்" என்று பகடையை உருட்டியிருப்பான்.

"டேய், அடுத்தவங்க சொல்லட்டும்டா," என்று அண்ணன்காரர் அதட்டுவார்.

"நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள அரக்கனுக்குப் பேரன் பேத்தி பொறந்துரும்ணே."

யாரையும் விடாமல் கேட்பார் கப்பல்காரர். கடைசியாக என்னிடம் வருவார். "தங்கச்சி, இந்த நிமிஷம் நீங்க என்ன செய்றீங்க?" அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் என்ன கறி வைக்க என்பதைத்தான் கேட்பார்கள், அதற்கும் பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு, "சும்மா நிக்கிறேன்" என்பேன்.

"எங்க நிக்கிறீங்க? சுவரோரமாவா, அவருக்குப் பின்னாலயா?"

"பின்னால."

"சரி," என்று அதையும் மதித்துக் கேட்டுக்கொள்வார். பாண்டிக்குச் சிரிப்பு தாங்காது. "மதினி, நின்னது நின்னீங்க, அந்த அரக்கனுக்கு ஒங்க காப்பிய ஒரு டம்ளர் குடுங்க. வந்த வழியே ஓடிருவான்."

ஒரு நாள் பாண்டி, ஒரு நிமிஷமெல்லாம் ஒரு நேரமா என்று பேச்சுக் கொடுத்துவிட்டான். கப்பல்காரர் எல்லாரையும் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். தானும் கண்ணை மூடி எண்ணிக்கொண்டு, நிமிஷம் முடிந்ததும் சொல்வதாகச் சொன்னார். தெருவில் உப்பு விற்கிறவன் கத்திக்கொண்டு போய், திரும்பி, மறுபடி கத்தினான். ஒரு காகம் பக்கத்தில் வந்து கரைந்தது. பாண்டி ஒரு கண்ணைத் திறந்து, "அண்ணே, முடிஞ்சுதா, செத்துட்டனா?" என்றான். எல்லாரும் சிரித்தோம். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது கப்பல்காரர் இன்னும் மூடிக்கொண்டுதான் இருந்தார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, அவர் சட்டை நெஞ்சோடு நனைந்து ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அவரைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. இறங்கி வந்தபின் என் வீட்டுக்காரரிடம், "அந்த ஆட்டம் நமக்கு வேணாங்க" என்றேன். "போடி, ஆடுறது வாயாலதான" என்றார்.

அந்த வருஷம் மழை இல்லை. ஒத்தக்கடைப் பக்கம் கிணறுகளில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மேலே வைத்த எஞ்சின் அத்தனை ஆழத்திலிருந்து இழுக்காது என்று, பாண்டி ஒரு ஆயில் எஞ்சின் வாங்கிக் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் பாறையைச் செதுக்கி இறக்கியிருந்தான். அன்றைக்கு அந்தப் பக்கம் பல கிணறுகளில் அப்படித்தான் செய்தார்கள். புது எஞ்சினுக்குப் பூஜை, எல்லாரும் வாருங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். ஆட்டத்துக்குப் பதில் அங்கே போனோம், கப்பல்காரரும் சாயக்கடைக்காரரும்கூட.

நான் கிணற்று மேட்டில் கல் கூட்டிப் பொங்கல் வைத்தேன். பாண்டி எஞ்சினுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, ஓட்டிவிட்டு மேலே வந்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குலவை போடச் சொன்னான், எனக்கு வெட்கம், நான் போடவில்லை. கொஞ்ச நேரம் ஓடிய எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து புகை மேலே வர மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னான்னு பாத்துட்டு இந்தா வாரேன். மதினி, பொங்கலை எறக்கிராதீங்க."

கப்பல்காரர் அப்போது வாய்க்கால் ஓரமாகக் கால் கழுவிக்கொண்டிருந்தார். "பாண்டி, நில்லு!" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. அதற்குள் அவன் படிக்கல்லில் இறங்கிவிட்டான்.

கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எஞ்சின் பக்கத்தில் பாறைமேல் குப்புறக் கிடந்தான். இவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் படிக்கல்லுக்கு ஓடினார். கப்பல்காரர் பின்னாலிருந்து பாய்ந்து இடுப்பைப் பிடித்தார். இரண்டு பேரும் விழுந்தார்கள். இவர் மெக்கானிக், இரும்பு தூக்குகிற கை. அவருக்கோ ஐம்பதுக்கு மேல். ஆனாலும் விடவில்லை. கையாலும் காலாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கய்யா! என் தம்பிய்யா! விடுய்யா!"

"போனா நீயும் வரமாட்டடா. நான் பாத்திருக்கேன். ஒருத்தன் பின்னால ஒருத்தன் போவான். நான் மேல நின்னு பாத்திருக்கேன்டா."

பிடித்தபடியே எங்களுக்குக் கட்டளை போட்டார். சாயக்கடைக்காரர் வேப்பங்குழை ஒடித்துக் கட்டாகக் கட்டி, கயிற்றில் விட்டு மேலும் கீழும் ஆட்ட வேண்டும், கெட்ட காற்று கலையட்டும். நான் கிழக்கே அடுத்த தோட்டத்துக்கு ஓடி ஆளும் வடக்கயிறும் கொண்டுவர வேண்டும். ஓடினேன். ஓடுவதற்கு முன் அவர் வாய் அசைவதைப் பார்த்தேன். "நிமிஷம் ஒண்ணு" என்றார். திரும்பி ஆட்களோடு வரும்போது, என் வீட்டுக்காரர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தார், அவர் முதுகின்மேல் கிடந்த கப்பல்காரர், "ஒம்பது" என்றார்.

இடுப்பில் வடம் கட்டி ஓர் ஆளை இறக்கிப் பாண்டியை எடுத்தார்கள். டிராக்டரில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே வராந்தாவில் வைத்தே சொல்லிவிட்டார்கள். பொங்கல் அந்தக் கல் அடுப்பிலேயே கருகியிருக்கும்.

காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே பேச்சாகப் பேசினார்கள். கூடப்பிறந்தவன் இறங்கப் போனான், எவனோ ஒரு கப்பல்காரன் அமுக்கிப் பிடித்துக்கொண்டான் என்று. என் வீட்டுக்காரர் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

"சின்னப் புள்ளையில அந்தக் கெணத்துல மூச்சடக்கி அடிமண்ணை அள்ளிட்டு வருவேன்டி நான். ஒரு நிமிசம் போதும் எனக்கு. மூச்சடக்கிப் போயி, தோள்ல போட்டுட்டு ஏறிருப்பேன். ஒரே ஒரு நிமிசம். அந்தாளு என் முதுகுல படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டுக் கெடந்தான்."

தம்பியைப் பறிகொடுத்தவரிடம், நீங்கள் இருக்கிறீர்களே என்று எப்படிச் சொல்வது? அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு இருந்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும், பிள்ளைகளின் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எனக்குக் கப்பல்காரரின் அந்த இரண்டு கைகள் ஞாபகம் வரும். கப்பல்காரர் இருந்த காலத்தில் ஒரு நாள்கூட வாயைத் திறந்து அதை அவரிடம் சொன்னதில்லை.

வீட்டைக் காலி செய்யலாம் என்று என் வீட்டுக்காரர் வேறு இடம் பார்க்க ஆரம்பித்தார். கப்பல்காரர் மாடியை விட்டு இறங்குவதில்லை. பருப்பு தீய்ந்த வாசனை அடிக்கடி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு மாடி ஏறினார். அடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். எதிர்வீட்டுக்கு ஓடிச் சாயக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். நாங்கள் போனபோது கப்பல்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"ஆட்டத்த எடுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"வேணாம் தம்பி."

"எடுங்கன்னா எடுங்க. கெணறு. ஒங்க கணக்குப்படியே ஆடுவோம். நான் எறங்கியிருந்தா என்ன ஆகும்னு எனக்குப் பாக்கணும்."

"இவரு சொல்றாருன்னு நீங்க..." என்று சாயக்கடைக்காரர் குறுக்கே வந்தார். கப்பல்காரர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பாயை விரித்தார். பையிலிருந்து அந்த இருபது முகப் பகடையை மட்டும் எடுத்து நடுவில் வைத்தார். அவர் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

"கெணறு. உள்ள பொகை. பாண்டி பாறைமேல குப்புறக் கெடக்கான். மொத நிமிஷம் ஆரம்பிக்குது. எல்லாரும் சொல்லுங்க."

"நான் மூச்சடக்கிட்டு எறங்குறேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

சாயக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் கொழை ஒடிக்கப் போறேன்" என்றார்.

"நீங்க?" என்று என் வீட்டுக்காரர் கப்பல்காரரைக் கேட்டார்.

"நான் ஆட்டத்துல இல்லையே தம்பி."

"அன்னைக்கு இருந்தீங்கள்ல? சொல்லுங்க."

கப்பல்காரர் தன் புறங்கைகளைப் பார்த்தார். நகம் கீறின காயம் இன்னும் ஆறாமல் இருந்தது.

"சரி. இந்தத் தடவ நான் ஒன்னையப் பிடிக்கல."

என் வீட்டுக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. பகடையை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. கப்பல்காரர் யாரையும் விடுகிறவர் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி. இந்த நிமிஷம் நீங்க என்ன செய்றீங்க?"

அந்தக் கிணறு என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. படிக்கல், அதில் வைத்த இவருடைய கால், பின்னால் பிடிக்க யாரும் இல்லை.

"நான் அவரப் பிடிச்சுக்கிறேன்."

அது என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"எங்க பிடிக்கிறீங்க?"

"காலை. ரெண்டு காலையும். கட்டிப் பிடிச்சுக்கிறேன். வெட்டிப் போட்டாலும் விடமாட்டேன். அவரு என்னைய என்ன சொன்னாலும் சரி."

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை.

"ரெண்டும் ஒரே நிமிஷத்துல நடக்குது," என்று கப்பல்காரர் மெதுவாகச் சொன்னார். "நீ எறங்கப் போற. தங்கச்சி கால விட மாட்டேங்குது. ஒதறிட்டுப் போக முடியுதான்னு உருட்டித்தான் பாக்கணும் தம்பி. பத்துக்கு மேல விழுந்தா நீ போகலாம்."

என் வீட்டுக்காரர் பகடையை எடுத்தார். கைரேகைக்குள் டெப்போ கிரீஸ் கறுப்பாக இருந்தது. மூடிக்கொண்டார். அந்தக் கை முழங்காலின்மேல் வெகுநேரம் மூடியே இருந்தது. சாயக்கடைக்காரர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு கையைத் திறந்து, பகடையை உருட்டாமல், பாயின்மேல் மெல்ல வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு அழுதார். தம்பி செத்ததிலிருந்து அன்றைக்குத்தான் அழுதார். அவர் முதுகைத் தொடக் கப்பல்காரர் கையை நீட்டினார், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

அழுகை ஓய்ந்ததும் என் வீட்டுக்காரர் முகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து கேட்டார்.

"கப்பல்ல ஒங்கள யாருண்ணே பிடிச்சது?"

கப்பல்காரர் பதில் சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். பகடையை எடுத்துப் பைக்குள் போட்டு, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"யாரும் பிடிக்கல தம்பி. நானாத்தான் நின்னேன்."